மாதிரி விடை மூன்று

எனக்கு முன்னால் வரிசையில் நின்ற டை, என் அம்மாவின் லாண்டரியைத் தன் அம்மாவின் லாண்டரி என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

டை என்பது வகுப்பு அவனுக்கு வைத்த பெயர். கேன்டீனுக்குக்கூட டை கட்டிக்கொண்டுதான் வருவான். அவன் அம்மா பல் டாக்டர். அந்த அம்மாள் கைக்குட்டை துவைத்தே பத்து வருடம் ஆகியிருக்கும்.

"எங்க அம்மா சின்னதா ஒரு லாண்டரி வெச்சிருக்காங்க சார்," என்று அவன் குரலைத் தாழ்த்தி உருகினான். "துணில குத்துற சீட்டு தண்ணில கிழிஞ்சிடும். ஒருத்தர் சட்டை இன்னொருத்தர்கிட்ட போயிடும். பதினஞ்சு வயசுல நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். கிழமைக்கு ஒரு கலர் நூல். காலர் உள்பக்கம் நாலு தையல். புகார் நாற்பது சதவீதம் குறைஞ்சிடுச்சு."

எனக்குக் காது மடல்வரை சூடு ஏறியது. நாற்பது சதவீதமாம்! எங்கள் கடையில் சதவீதம் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

அந்த நாற்பது, வேலைவாய்ப்பு மேடம் சேர்த்தது. எம்பிஏ மாணவர்களான எங்களைக் கம்பெனிக்காரர்கள் முன்னால் நிறுத்தும் இந்த இரண்டு நாள் மாநாட்டுக்காக, மூன்று வாரம் அவர்தான் எங்களைத் தயார் செய்தார். எப்படிக் கை குலுக்குவது, எவ்வளவு சிரிப்பது, விசிட்டிங் கார்டை வாங்கியதும் பையில் திணிக்காமல் எத்தனை நொடி பார்ப்பது, எல்லாம் பாடம். 'நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்' என்று ஒத்திகையில் கேட்டார். நான் நூல் கதையைச் சொன்னேன். "அருமைம்மா! இதை அப்படியே எழுதிக் குடு, திருத்தித் தர்றேன்," என்றார். நானும் புத்தி கெட்டுப்போய் எழுதிக் கொடுத்தேன்.

மாநாட்டுக்கு முந்தின நாள், வகுப்பின் அறுபது பேருக்கும் மேடம் ஒரு கோப்பு அனுப்பினார். ஆறு மாதிரி விடைகள். நான் அதைத் திறக்கவே இல்லை. சொந்தக் கதை இருக்கும்போது மாதிரி எதற்கு என்ற மிதப்பு. இப்போது வரிசையில் நின்றபடியே போனில் திறந்து பார்த்தேன். மூன்றாவது விடை என்னுடையது. என் பெயர் இல்லை. 'தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்' என்று கீழே ஒரு வரி மட்டும் இருந்தது.

யார்தான் மாற்றிக்கொண்டார்கள்? இந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் டாக்டர்களின் அங்கியும் துவைத்து அனுப்புகிற கம்பெனி. லாண்டரி விடை இங்கே எடுபடும் என்று கணக்குப் போட்டு எத்தனை பேர் வந்தார்களோ! மண்டபத்தில் நாற்பது ஸ்டால் இருந்தன. எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். ஒரே நாளில் லட்சம் துணி உள்ளே போய், ஒன்றுகூட மாறாமல் வெளியே வருகிற இடம். அங்கே வேலை பார்க்க வேண்டும் என்று எம்பிஏ சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்டர்வியூவுக்கு நான்கே பேரைத்தான் அழைப்பார்கள்.

டை நகர்ந்தான். என்னைப் பார்த்து, "ஆல் தி பெஸ்ட்," என்றான். அவன் டையை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கிவிட வேண்டும்போல் இருந்தது.

ஸ்டாலில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் வாயைத் திறந்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இருங்க. உங்க அம்மாவும் லாண்டரியா?"

"ஆமா சார்."

"காலையிலேர்ந்து நீங்க பத்தாவது. இந்த ஊர்ல யாருமே வீட்டுல துணி துவைக்கிறதில்லபோல."

பக்கத்து ஸ்டாலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒப்பித்து வைத்திருந்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

"மத்த ஒம்போது பேர்கிட்டயும் சிவப்பு நூல் என்னாச்சுன்னு கேட்டீங்களா சார்?"

"என்ன சிவப்பு நூல்?"

"புதன்கிழமைக்கு நான் சிவப்பு வெச்சேன். மலிவு நூல். கொதிக்கிற தண்ணில சாயம் விட்டுடுச்சு. ஒரு வக்கீலோட ஆறு வெள்ளைச் சட்டை, ஆறும் ரோஸ் கலர். அவர் பத்து பேர் முன்னாடி அதை எங்க அம்மா மூஞ்சில விட்டெறிஞ்சார். அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு நூலையும் முதல்ல கொதிக்க வெச்சுப் பார்த்தோம். இதை நான் எழுதிக் குடுத்தேன். தோத்த கதை வேண்டாம்னு எங்க மேடம் அடிச்சிட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். நம்புகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்து நான் செய்ததைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. போட்டிருந்த கோட்டின் காலரைத் திருப்பிக் காட்டினேன். உள்ளே பச்சை நூலில் நாலு தையல்.

காலையில் அந்த நூலுக்காக அம்மாவோடு சண்டை போட்டிருந்தேன். இரண்டு வருடமாக யாரும் வாங்க வராத கோட்டு அது. அம்மா தேய்த்துக் கொடுத்தாள், ஆனால் நூலை மட்டும் வெட்ட விடவில்லை. "என்னைக்காவது அவங்க வந்து கேட்டா? நம்ம கடைல இருக்கிறவரைக்கும் அது அவங்க துணி," என்றாள். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்பினாள்.

"அப்போ இது யாரு கோட்டு?" என்றார் அவர்.

"தெரியாது சார். திங்கக்கிழமை வந்துது."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இருபது நிமிடம் பேசினார். நூலைக் கொதிக்க வைத்ததைப் பற்றித்தான் முழுக்கக் கேட்டார்.

நான்கு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். நான் இருந்தேன். டை இல்லை. என் அலறலைக் கேட்டு மேடம் வந்தார்.

"பார்த்தியா? என் பயிற்சி வீண் போகல! அவர்கிட்ட என்னம்மா சொன்ன? எழுதிக் குடு, நாளைக்கு வர்ற கம்பெனிகளுக்கு எல்லாருக்கும் உதவும்."

"மாட்டேன் மேடம்."

"என்ன?"

"அது மாதிரி விடை இல்ல மேடம், எங்க வீடு. என்னைக் கேக்காம அறுபது பேருக்குப் பங்கு போட்டுட்டீங்க. இன்னொரு தடவ தர மாட்டேன்."

"இவ்ளோ சுயநலம் ஆகாதும்மா," என்றார் மேடம். சுயநலமாம்! இருபது பேர் பார்க்க அங்கிருந்து விடுவிடுவென்று நடந்தேன். நன்றாக இருந்தது.

கடைக்கு நேராகப் போனேன். அம்மா படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் விரிப்பைப் போட்டுவிட்டு என் கன்னத்தை வழித்தாள். ஈரக் கை. "இனிமே லட்சம் துணியா? நீயாச்சு, அவங்களாச்சு," என்று சிரித்தாள்.

அப்போது போனில் மெசேஜ் வந்தது. வகுப்புக் குழுவில் மேடம்.

"இதைக் கேளும்மா அநியாயத்தை!" என்று உரக்கப் படித்தேன். "'மாதிரி விடை மூன்று திருத்தப்பட்டுள்ளது. தோல்வியையும் சேர்த்துச் சொன்னால் நம்பகத்தன்மை கூடும் என்று ஒரு நிறுவனப் பிரதிநிதி இன்று என்னிடம் தெரிவித்தார். சேர்க்க வேண்டியது: சிவப்பு நூலின் சாயம் இறங்கியது. வாடிக்கையாளர் சட்டைகளை என் தாயின் முகத்தில் எறிந்தார்.' திருட்டுப் பொம்பள! நான் தர மாட்டேன்னதும் அவர்கிட்டயே போய்க் கேட்டிருக்கா!"

அம்மாவின் கை நின்றது.

"அவருக்கு யாரு சொன்னது?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்கு வக்கீல் எறிந்த சட்டைகளைத் தரையிலிருந்து பொறுக்கியபடியே, "நான்தான் நூலைப் பார்க்காம தெச்சுட்டேன்," என்று அம்மா அவரிடம் சொன்னாள். துணி மாட்டும் கம்பிக்குப் பின்னால் நின்ற என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

"நல்லதை அவங்க திருடினாங்க, சரி," என்றாள் அம்மா. "இதை நீயே கொண்டுபோய்க் குடுத்திருக்கியே?"

மேடம்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று என்மேலேயே வந்தது. நானும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தானே சொன்னேன்?

கோட்டைக் கழற்றி நீட்டினேன். அம்மா காலரைத் திருப்பிப் பச்சை நூல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இதையும் காட்டினியா?"

"ஆமாம்மா."

அவள் கோட்டைத் திங்கட்கிழமை வரிசையில் மாட்டினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீதி விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தாள்.