ரயிலுக்கு ஒரு நெத்திலி

ராஜபாளையம் நாய் வாங்கும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். புது வீடு கட்டி, வெள்ளை பெயின்ட் அடித்து, வாசலில் வெள்ளைக் காரையும் நிறுத்திய பிறகு, கேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக இன்னொன்று வேண்டும் என்று தோன்றும். குட்டி வரும். பால் நிறம், ரோஸ் மூக்கு. கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரியும், திருடன் வந்தாலும் அது திரும்பிப் பார்க்காது என்று. சுத்த வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையத்தில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. விற்றவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். ஏமாந்த கோபத்தை அவனிடம் காட்ட இவர்களுக்குத் துப்பில்லை. நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் திண்டுக்கல் ரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள்.

அப்படி இறக்கிவிடப்பட்டவற்றை நானும் பாசிலும் எடுத்து வருகிறோம். பாசில் ஸ்கூல் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறான். நான் தில்லைநகரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவர்களின் பல்வலியைக் கேட்டுக் கேட்டுத்தான் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பான் பாசில். வீடு பொன்மலையில், ரயில் பாதையை ஒட்டிய மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர் பெஞ்சமின் சார் ஒரே ஒரு நாய்க்குத்தான் சம்மதித்திருக்கிறார். ஒன்றை நானே வைத்துக்கொண்டால் அடுத்ததற்குக் கதவு சாத்தியாகிவிடும். அதனால் எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. வந்த நாய்க்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. போகிற வீட்டுக்காரர்கள்தான் வைக்க வேண்டும்.

இவனையும் ‘இவன்’ என்றுதான் சொன்னேன்.

மணப்பாறைச் சந்தைக்குப் பக்கத்தில் கிடந்தான். கடிக்கிற நாய் என்று பெயர் வாங்கியிருந்தான். காது கேட்காத நாய் தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் அது பயத்தில் வாயைத்தான் திறக்கும். நம்மை யாராவது அப்படித் தொட்டால் நாமும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டோம். வாயில்லா ஜீவன் என்பார்கள். இவனுக்குக் காதும் இல்லை, பாவம்.

வந்த அன்று முதல் ரயில் போனபோது கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டான். சத்தம் அவனுக்கு இல்லை. ஆனால் தரை வழியாக ஏதோ ஒன்று வந்து அவன் கால்களைப் பிடித்தது. உடம்பு முழுக்க நடுங்கினான். நான் தரையில் படுத்து, ஒரு நெத்திலிக் கருவாட்டை அவன் மூக்குக்கு முன்னால் வைத்தேன். அடுத்த ரயிலுக்கு இன்னொன்று. அதற்கு அடுத்ததற்கும். மெல்ல மெல்ல அவனுக்குப் பாடம் புரிந்தது. தரை அதிர்ந்தால் நெத்திலி வரும். நெத்திலியோடு பெலிண்டா, அதாவது நான், வருவேன். பிறகெல்லாம் ரயில் தூரத்தில் வரும்போதே, எனக்குக் கேட்பதற்கு முன்பே, வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். நான் பெருமையில் பூரித்துப் போனேன். பயந்தாங்கொள்ளி நாயை ரயிலுக்குச் சினேகிதனாக்கியவள் இந்தத் திருச்சியில் வேறு யார்?

சுடிதார் பாக்கெட்டில் நெத்திலி இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. கிளினிக்கில் டாக்டர் ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னார்.

அவனோடு இருந்த நாட்களை நினைத்தால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் இருக்கிறது. நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். டிவியை அணைத்து வைத்தேன். மாலையில் இருவரும் ஜன்னலோரம் உட்காருவோம். சர்ச் மணி அசைவது தெரியும். வேப்பமரத்தில் காக்கைகள் வாயைத் திறந்து திறந்து மூடும். கீழே பெஞ்சமின் சார் போனில் கையை ஆட்டி யாரையோ திட்டுவார். அவனுக்கு இருக்கிற உலகம் இவ்வளவுதான் என்று நானும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கும் சத்தம் கேட்காமல் போகும். நேரம் எங்கே போனதென்று தெரியாது. பிறகு அவன் வால் தரையில் அடிக்கும். ரயில் வருகிறது என்று அர்த்தம். நான் பாக்கெட்டில் கை விடுவேன்.

அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சட்டம் இல்லையென்றால் அவனை யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் சொறி பிடித்த இன்னொரு வெள்ளைக் குட்டி, வெயிலிலும் மழையிலும் கட்டிக் கிடந்தது. பாசில் தினமும் அதன் போட்டோவை அனுப்பிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஆனந்தவள்ளி வந்தாள். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் மாவு மில் நடத்துகிறவள். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. புருஷன் துபாயில். காவலுக்கு நாய் கேட்பவர்களை நான் படியோடு அனுப்பிவிடுவேன். அதனால் முதலில் கேட்டதே அதைத்தான்.

"காவலுக்கா?"

"காவலுக்கு எதுக்குங்க நாயி, பூட்டு இருக்கு. மில்லு சத்தத்துல எங்கிட்ட வர்றவங்க எல்லாம் கத்திக் கத்தியே பேசறாங்க. கத்தாத ஆளு ஒண்ணு பக்கத்துல இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணிச்சு."

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. பாசிலோடு போய் இடத்தைப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூரைச் சட்டங்களில் படிந்திருந்த மாவு மெதுவாக உதிர்ந்து, உள்ளே நின்றவர்கள் எல்லோரும் கனவில் வருகிறவர்கள் மாதிரி மங்கலாகத் தெரிந்தார்கள். பாசில் என் காதருகே வந்து கத்தினான்: "அக்கா, வேற எந்த நாயா இருந்தாலும் ஒரே நாள்ல ஓடிரும். இவனுக்கு என்ன கவலை?" நானும் அதைத்தான் நினைத்தேன். காது கேட்காத நாய்க்கு மாவு மில்லைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? இவனுக்கென்றே கட்டியதுபோல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற என் உள்ளங்கால் குறுகுறுத்தது. கூச்சத்தில் சிரித்துக்கூட வைத்தேன்.

மார்கழி பிறந்ததும் அவனைக் கொண்டுபோய் விட்டோம். இன்னொரு சட்டமும் உண்டு. கொடுத்த வீட்டுக்குப் பழைய ஆள் சில மாதம் போகக் கூடாது. போனால் நாய் அங்கே ஒட்டாது.

சில நாளில் ஆனந்தவள்ளி போன் செய்தாள். "சரியா சாப்பிட மாட்டேங்கறான். மெஷின் போட்டாப் போதும், வாசல்ல போய் வாலாட்டிக்கிட்டு நிக்கறான். நிறுத்தினா வந்து படுத்துக்கறான். திரும்பப் போட்டா திரும்ப வாசலு. ஒரு தடவ வந்து பாக்கறீங்களா?"

"புது இடம்ல, அப்படித்தான் இருக்கும். நான் வரக் கூடாதுங்க" என்றேன் கறாராக. போனை வைத்துவிட்டு அழுதேன். அன்றைக்குக் கனவில் அவன் காவிரிப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் நடந்து வந்துகொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

பிறகு ஒரு விடியற்காலை மறுபடி போன். அவன் போய்விட்டான். கோல மாவுக்கு அரிசி கொண்டுவந்த யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பாசில் வேனை எடுத்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க மார்கழிப் பனி. எதிர்வீட்டு ஆள் ஒருவர் விசிலடித்து அவனைத் தேடிக்கொண்டிருந்தார். "காது கேக்காத நாயை விசிலடிச்சா கூப்பிடுறீங்க?" என்று சீறினேன். அவர் விசிலை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷன், உதவத்தான் வந்தார். என் கோபம் அப்படி.

"எங்க நிப்பான், காட்டுங்க" என்றேன் ஆனந்தவள்ளியிடம். அவள் வாசல்படி ஓரத்தைக் காட்டினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றேன். அவள் உள்ளே போய் மெஷினைப் போட்டாள்.

தரை அதிர்ந்தது. உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வந்தது. என்னை அறியாமல் என் கை பாக்கெட்டுக்குள் போய் நெத்திலியைத் தொட்டது.

அப்படியே நின்றுவிட்டேன். அவனுக்கு இங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை ரயில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் வந்துவிட்டேன், வந்துவிட்டேன் என்று தரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவனும் ஒவ்வொரு முறையும் நம்பி எழுந்து வாசலுக்கு வந்திருக்கிறான். நான் வரவே இல்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "பக்கத்துல ரயில் எங்க போகுது?"

"கொள்ளிடம் பாலம்" என்றான் பாசில். சொல்லும்போதே அவன் முகம் வெளுத்துவிட்டது. கரைமேல் ஏறினால் தண்டவாளம். பின்னால் வரும் ரயில் அவனுக்குக் கேட்காது. கால் வழியே வருகிற அதிர்வோ, அவனை வாலாட்டச் சொல்லும்.

மூன்று பேரும் ஆற்றுக்குள் இறங்கி ஓடினோம். வெள்ளைப் பனி, வெளிர் மணல், தேட வேண்டியதோ வெள்ளை நாய். எது நாணல், எது மணல்மேடு என்றே தெரியவில்லை. ஓடுகிறோமா, நின்ற இடத்திலேயே காலை ஆட்டுகிறோமா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. சத்தமே இல்லை. அவன் உலகத்துக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். மாதாவே, அவன் மேலே ஏறியிருக்கக் கூடாது.

பாலத்துத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்தன. ஒரு தூணின் அடிக் கல்மேல், நான்கு கால்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி அவன் நின்றிருந்தான். எலும்பு தெரிந்தது. மில்லின் தரை பொய்யே சொல்லிக்கொண்டிருந்ததால், நிஜ ரயிலைத் தேடி வந்துவிட்டான்.

நான் பாய்ந்தேன். ஆனந்தவள்ளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க!"

"நீங்க போனா உங்க கூட வந்துருவான்ங்க."

"வரட்டும்! நான் கூட்டிட்டுப் போறேன். யாருக்கும் குடுக்க மாட்டேன். என் நாய் அவன்."

சட்டமாவது மண்ணாவது. அந்த நிமிடம் திருவெறும்பூர்க் குட்டி என் நினைவிலேயே இல்லை. பாசில் கையிலிருந்த போனைப் பார்த்தான். தினமும் போட்டோ அனுப்பிய அந்த போன்தான் எனக்கு அந்தக் குட்டியை ஞாபகப்படுத்தியது.

"அவன் உங்களத் தேடல" என்றாள் ஆனந்தவள்ளி மெதுவாக. "தரை ஆடினா யாராச்சும் வரணும்னு நிக்கறான். அந்த யாராச்சும் நானா இருக்கக் கூடாதாங்க? எனக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா, மெஷின் போடறப்பல்லாம் போய் நின்னிருப்பேனே."

பொய். அவன் என்னைத்தான் தேடினான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது, என் கையை விடவும் இல்லை. அவள் ரவா என்று பெயர் வைத்திருப்பதாகப் பாசில் சொன்னபோது, காது கேட்காதவனுக்குப் பெயர் எதற்கு என்று நான் கேலி செய்திருந்தேன். கூப்பிடுவதற்கா பெயர், நினைத்துக்கொள்வதற்குத்தான் என்றாளாம்.

பாக்கெட்டிலிருந்த நெத்திலியை எல்லாம் அள்ளி அவள் கையில் கொட்டினேன். மார்கழி மாதம். குளித்து, நெற்றிக்கு இட்டு, கருவாட்டு வாடைகூடப் படாமல் விரதம் இருக்கிறவள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரயில் வரும்போது மட்டும் போங்க" என்றேன். "முன்னாடி பக்கமா போங்க. பின்னாலேருந்து தொடாதீங்க."

நான் காற்று அவன் பக்கம் போகாத இடமாகப் பார்த்து, அடுத்த தூணின் பின்னால் மறைந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் வால் அசைந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ரயில் கேட்டது. பாலம் முழுக்க அதிர, பனி அதிர, அவன் திரும்பினான். எதிரே ஆனந்தவள்ளி, கையில் நெத்திலி. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மணல் முழுக்கப் பார்த்தான். என்னைத் தேடுகிறான். நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன். ரயில் போய்விட்டது. அவன் மறுபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அடுத்த ரயில் வரும்வரை ஆனந்தவள்ளி ஈரக் கல்லில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மில் வாசலில் எத்தனை பேர் அரிசியோடு நின்றார்களோ. வெயில் ஏறி, பனி மணலிலிருந்து மெல்லக் கிளம்பியது. மறுபடி பாலம் அதிர்ந்தது. இந்த முறை அவன் தேடியது கொஞ்சம்தான். பிறகு அவள் கையை முகர்ந்தான். முகர்ந்து, ஒரு நெத்திலியை எடுத்துக்கொண்டான்.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் அவளோடு கரையேறிப் போனதைப் பாசில்தான் பார்த்துச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு முறை மெஷின் போடும்போதும் கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். மாவில் கருவாட்டு வாடை வருகிறதென்று இரண்டு மாமிகள் மில்லை மாற்றிய பிறகு, நெத்திலி பொட்டுக்கடலையாக மாறிவிட்டது. அதையும் தின்கிறானாம், மானங்கெட்டவன்.

தை பிறந்து, நேற்று நானே போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"மெஷின் ஓடுதா?" என்று கத்தினேன்.

"ஓடுது!"

"வாசல்ல நிக்கறானா?"

"இல்லைங்க! என் காலுக்குப் பக்கத்துல படுத்துத் தூங்கறான்!"

நல்லதுங்க, நல்லதுங்க என்று சொல்லிவிட்டு வைத்தேன். சந்தோஷம்தான். நெஞ்சில் ஒரு பக்கம் வலித்ததும் நிஜம்தான்.

நாளைக்குத் திருவெறும்பூர்க் குட்டி வருகிறது. கட்டிலுக்கு அடியில் பெருக்கித் துடைத்து, பழைய போர்வையைத் துவைத்து விரித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சர்ச் மணி சத்தமில்லாமல் அசைவதுபோல் இருந்தது. பிறகு தரை மெல்ல அதிர ஆரம்பித்தது. ரயில் கடந்துபோய் வெகு நேரம் கழித்துத்தான் பார்த்தேன், கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன், கையில் ஒரு நெத்திலி.