ஒன்பது சென்டிமீட்டர் வழக்கு

பனிப்பரப்பின் மேல் நூற்று எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. வழி தெரிவதற்காக மூங்கில் கழிகள் நட்ட கோடு. பதினோரு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் அதன் மேல் வண்டியில் போய், பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து வருவது என் வேலை. மற்றவர்கள் அதை "அந்தக் கோடு" என்பார்கள். நான் "என் கோடு" என்பேன்.

என் நாத்தனாருக்கு அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. அதே அலுவலகத்தில், இரண்டாவது மாடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோளின் லேசர் அளவுகளைப் பிரித்து, மொத்தப் பனிப்பரப்பின் கதையையும் சொல்லிவிடுவாள். ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளக்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கால் நனையாமல் அளப்பவள் என்று எனக்குக் கொஞ்சம் இளக்காரம். வீட்டில் அவளை "மேல்மாடி" என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், எங்கள் சண்டையில் தலையிடுவதில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் அடி தனக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வருடம் எங்கள் இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை. செயற்கைக்கோள் சொன்னதைவிட என் கோட்டில் பனி ஒன்பது சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது. ஒரு சாண்கூட இல்லையே என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒரு வருடத்தில் பனி இறங்குவதே பத்து சென்டிமீட்டர்தான். மொத்தப் பரப்புக்கும் பெருக்கினால், கடலுக்குப் போன தண்ணீர் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

திங்கட்கிழமை இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தரையில நின்னு அளந்ததுதான் உரைகல். சாட்டிலைட் கணக்கை ஒன்பது சென்டிமீட்டர் கீழ இறக்கிடலாம்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேல்மாடி மட்டும் அசையவில்லை.

"காரணம் தெரியாம ஒரு மில்லிமீட்டர்கூட இறக்க மாட்டேன், சார்."

"அப்ப காரணத்தைக் கண்டுபிடிங்க. வியாழக்கிழமை மூணு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல தாங்காது, இந்த வருஷப் பனி வரைபடம் வெளிய போகணும்." பிறகு என்னைப் பார்த்தார். "தரைப் பக்கம் தப்புன்னு தெரிஞ்சா, அடுத்த வருஷம் வண்டியைப் பனியில துளை போடறவங்களுக்குக் கொடுத்துடுவேன். மூணு வருஷமா கேட்டுட்டே இருக்காங்க."

"தாராளமா கொடுங்க, சார்" என்றேன். என் அளவில் தப்பு வந்ததே இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்மாடி கீழே இறங்கி என் மேசைக்கு வந்தாள். அதுவே அதிசயம். கையில் ஒரு தாள்.

"அண்ணி, ஒன்பதுங்கறது சராசரிதான். நாள் நாளாப் பிரிச்சுப் பார்த்தேன். முதல் நாள் வித்தியாசம் பதினாலு. அப்புறம் குறைஞ்சுட்டே வந்து அஞ்சாவது நாள் அஞ்சு. ஆறாவது நாள் திரும்பப் பதிமூணு. அதுக்கப்புறம் மறுபடியும் குறையுது. பனி இப்படி ஆடாது, சாட்டிலைட்டும் ஆடாது. ஆறாவது நாள் என்ன நடந்துச்சு?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

பொய். யோசிக்க ஒன்றுமே இல்லை. ஐந்தாவது நாள் சாயங்காலம்தான் நடுவழிக் கிடங்கில் டீசல் நிரப்பினோம்.

அவள் படியேறும் வரை காத்திருந்து வண்டிக் கொட்டகைக்கு ஓடினேன். ஓட்டுநர் அண்ணன் சங்கிலிச் சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடமும் என்னோடு வந்தவர்.

"அண்ணே, இந்தத் தடவை டீசல் டிரம்மெல்லாம் எங்கே ஏத்தினோம்?"

"மறந்துட்டீங்களா? பின்னால இழுத்துட்டுப் போற சறுக்கு வண்டியோட கால் உடைஞ்சு போச்சுன்னு அதை விட்டுட்டு, எல்லாத்தையும் வண்டி முதுகுலதானே ஏத்தினோம்."

"காலையில ஆன்டெனா உயரம் அளந்தோமா?"

அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "நான் அளவு நாடாவை எடுத்துட்டு வந்தேன். பதினோரு வருஷமா ஒரே நம்பர்தான் வருது, கை விறைக்கறதுதான் மிச்சம்னு நீங்கதான் வேண்டாம்னீங்க."

நான்தான் சொன்னேன். எங்கள் முறை இதுதான்: வண்டியின் கூரையில் இருக்கும் ஜி.பி.எஸ். ஆன்டெனா தன் உயரத்தைச் சொல்லும். அதிலிருந்து ஆன்டெனாவுக்கும் பனிக்கும் உள்ள தூரத்தைக் கழித்தால் பனியின் உயரம் கிடைக்கும். அந்தத் தூரத்தைத் தினமும் காலையில், மிதிபடாத பனிமேல் ஒரு பலகையை வைத்து நாடாவால் அளக்க வேண்டும். மற்ற வருடங்களில் டீசல் பின்னால் சறுக்கு வண்டியில் வந்தது. வண்டியின் எடை மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. இந்த வருடம் முதுகுச் சுமையோடு வண்டி பனியில் புதைந்து போயிருக்கிறது. டீசல் தீரத் தீர எழுந்திருக்கிறது, நிரப்பியதும் மறுபடி புதைந்திருக்கிறது. நான் பாட்டுக்குப் போன வருடத்து எண்ணையே கழித்துவிட்டு, பனி தாழ்ந்துவிட்டது என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று மணிக்கு மேல்மாடியின் கணக்கு கீழே இறங்கும், என் கோடு பிழைக்கும். டீசல் கதை அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் பதினோரு வருடம் அளந்தது இப்படி ஒரு பொய்யைக் காப்பாற்றவா என்று நினைத்ததும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஓட்டுநர் அண்ணனின் டீசல் நோட்டை வாங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

என் கையில் இன்னொரு அளவும் இருந்தது. தினமும் சாயங்காலம், வண்டியை நிறுத்தியதும் தள்ளிப்போய், மிதிபடாத பனிமேல் முக்காலி வைத்து, அதில் இன்னொரு ஆன்டெனாவைப் பொருத்தி அரை மணி நேரம் தனியாக அளப்பேன். அதில் வண்டிக்கு வேலையே இல்லை. அந்தக் கணக்கை இன்னும் போடாமல் வைத்திருந்தேன். பத்து இடங்கள். மதியச் சாப்பாட்டை மறந்து போட்டு முடித்தேன். பத்து இடத்திலும் செயற்கைக்கோளுக்கும் முக்காலிக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை.

இரண்டரை மணிக்கு இரண்டாவது மாடிக்கு ஏறினேன்.

"தப்பு என்னோடது" என்று சொல்லி நோட்டையும் தாளையும் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். தாளை இரண்டு தடவை படித்தாள்.

"அண்ணி, மூணு மணிக்கு உங்க வண்டி கையை விட்டுப் போயிடும்."

"போகட்டும். உன் வரைபடத்துல என் தப்பு ஏறக் கூடாது."

இயக்குநர் முன்னால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மென்று விழுங்கவில்லை. காலை அளவை நிறுத்தச் சொன்னது நான் என்பதை முதலிலேயே சொன்னேன். டீசல் நோட்டை வைத்து நாள்வாரியாகத் திருத்த முடியும் என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆக, சாட்டிலைட் சொன்னதுதான் சரி. அப்புறம் தரைப் பயணம் எதுக்கு?"

இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மேல்மாடி பேசினாள்.

"சார், என் கணக்கு சரின்னு காலையில எனக்கே தெரியாது. பிடிவாதமா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இப்பத் தெரியும். அண்ணி பனியில முக்காலி வெச்சதாலதான் தெரியும். அடுத்த வருஷம் என் பக்கம் தப்பு வந்தா யார் சொல்லுவாங்க?"

இயக்குநர் வண்டிப் பட்டியலை இழுத்து, அடுத்த கோடைக்கு நேராக எங்கள் கோட்டை எழுதினார்.

"துளை போடறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"நான் திரும்பி வந்ததும் வாங்கிக்கச் சொல்லுங்க, சார்" என்றேன்.

படியிறங்கும்போது மேல்மாடி சொன்னாள். "அடுத்த தடவை நானும் வர்றேன். காலையில உங்களுக்குச் சோம்பல் வந்தா கேட்க ஆள் வேணுமே."

"கால் நனையும்."

"நனையட்டும்."

"நீ ஏறினா வண்டி இன்னும் எவ்வளவு புதையும்னு முதல்ல அளக்கணும்" என்றேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

அடுத்த கோடையில், முதல் நாள் காலை, பனிமேல் பலகையை வைத்தவள் அவள்தான். நான் நாடாவைப் பிடித்து எண்ணைச் சொன்னேன். ஓட்டுநர் அண்ணன் எழுதப் போனார்.

"இருங்க" என்று அவரைத் தடுத்துவிட்டு, என் கையிலிருந்து நாடாவை வாங்கி அவளே இன்னொரு தடவை அளந்தாள்.