பெண் வீட்டார் பார்க்க வந்த ஸ்பிரிட் அடுப்பு

அறுபத்து மூன்றாம் வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மாயாபந்தர் துறைமுகத்துக்கு வடக்கே, தீவுக் காட்டில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு நிலம் அளந்து கல் நடும் சர்வே கேம்ப்பில் நான் ரைட்டராக இருந்தேன். காட்டுக்குள் இருப்பவனுக்கு விறகுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். விறகு இருந்தது, எரியத்தான் மாட்டேன் என்றது. ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

இந்த மாதிரி நாட்களுக்கென்றே எங்களுக்குச் சில பித்தளை ஸ்பிரிட் அடுப்புகள் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம், நடுவில் திரி, மேலே சட்டி உட்கார மூன்று கால், அவ்வளவுதான். ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தினால் சத்தமில்லாமல் நீலமாக எரியும். காற்றடித்தால் தீ சட்டியை விட்டுவிட்டு ஒரு பக்கமாக ஓடும் என்பதால், டால்டா டின்னை வெட்டிச் சுற்றிலும் மறைப்பு வைக்க வேண்டும். காய்ந்த விறகு கிடைத்த வெயில் மாதங்களில் அந்த அடுப்புகளை யாரும் சீந்தவில்லை.

அடுப்புகளும் ஸ்பிரிட் டின்னும் ஸ்டோர் பார்க்கும் குழந்தைவேலுவின் பொறுப்பு. நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளை. மாயாபந்தரில் சரக்கு இறக்கும் காண்ட்ராக்டர் சொக்கலிங்கத்தின் மகள் மரகதத்தை அவனுக்குப் பேசியிருந்தார்கள். அவளைக் கோயிலில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பையன் அரிசி அளக்கும்போதுகூடப் பாட்டுத்தான். சொக்கலிங்கத்துக்கு முழுச் சம்மதம். அவருடைய மனைவி சந்திரமதி அம்மாள்தான் பிடி கொடுக்கவில்லை.

அந்த அம்மாள் இந்தத் தீவிலேயே பிறந்தவர், பேச்சில் இந்தி கலந்து வரும். கேம்ப் ஆட்கள் சிலர் அடுப்பு ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து குடிப்பதும், கண் போய், உயிரும் போவதும் அவருக்கு வெறும் கேள்வி ஞானம் இல்லை. அவருடைய தம்பியே அப்படிப் போனவன். "ஸ்பிரிட் சாவி வச்சிருக்கிற ஆளுக்கா எம் பொண்ணு? நேர்ல பார்த்துட்டுத்தான் பேச்சு" என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனையும் கூட்டிக்கொண்டு ரேஷன் படகில் வந்து இறங்கிவிட்டார்.

நல்ல மழை. அளவுச் சங்கிலி இழுக்கும் கலாசிகள் எல்லோரும் நண்டு பிடிக்கக் கழிமுகத்துக்குப் போயிருந்தார்கள். கேம்ப்பில் நானும் குழந்தைவேலுவும் மட்டும். அம்மாள் குடையை மடக்கிய கையோடு கூடாரத்தில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார்.

"அரே, இது யாருது?"

"என்னுதுங்கம்மா" என்றேன். "சுக்குத் தண்ணி. மழைக்கு."

"ஜம்புலிங்கம் ரைட்டரா? உங்களை விட்டுடலாம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

சொக்கலிங்கம் ஈரத் துண்டைப் பிழிந்தபடி, "ஏத்தா, மோந்து பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? பசிக்குது" என்றார்.

"சோறு வடிச்சிடலாம்" என்று நான் எழுந்தேன். குழந்தைவேலு பாய்ந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அவல் இருக்கு. நனைச்சு, வெல்லம் போட்டுத் தந்துடுவோம்."

"பெண் வீட்டுக்காரங்களுக்கு அவலா? ஸ்பிரிட் அடுப்பு இருக்கேடா."

"அடுப்பு வேணாம்ணே" என்று காதோரம் கெஞ்சினான். அம்மாளுக்குப் பாம்புச் செவி.

"ஏன் வேணாம்? ஸ்பிரிட் தீர்ந்துபோச்சா?"

"இல்லீங்கம்மா. டின் நிறைய இருக்கு."

"அப்போ அது அடுப்புக்கா, ஆளுக்கா?"

குழந்தைவேலுவின் முகம் வெளுத்தது. சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டான். அம்மாள் கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். படகு திரும்பினால் கல்யாணப் பேச்சும் அதோடு திரும்பிவிடும் என்று எனக்குப் புரிந்தது. பையன் ஏன் கல்லாக நிற்கிறான் என்பதுதான் புரியவில்லை. அவனிடமிருந்து சாவியை வாங்கி நானே டின்னைத் திறந்தேன்.

முறைப்படியே செய்தேன். கூடாரத்தின் வாசல் திரையை இழுத்துக் கட்டினேன், சாரல் அடிக்கக் கூடாது என்று. அடுப்புகளை வரிசையாக வைத்தேன். ஊற்றும்போது ஸ்பிரிட் கொஞ்சம் சிவந்திருந்தது. டின் துருவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டால்டா டின் மறைப்பை நிறுத்தி, குச்சியைக் கிழித்தேன். ஒரு சட்டியில் அரிசி, ஒன்றில் ரசத்துக்குத் தண்ணீர். ஜுவாலை அழகாக ஏறியது.

"பார்த்தீங்களாம்மா! அடுப்புக்குத்தான்" என்றேன், ஏதோ நானே மாப்பிள்ளை போல.

உலை கொதிக்கத் தொடங்கியது. கிண்ணத்தில் ஸ்பிரிட் குறையக் குறையத் திரி கருகும் அல்லவா, அப்போதுதான் முதல் தும்மல் வந்தது. சொக்கலிங்கம்தான் தும்மினார். அடுத்து எனக்குத் தொண்டையில் யாரோ அரம் போட்டு ராவியது போல ஒரு கமறல். கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாஹர்! எல்லாரும் பாஹர்!" என்று கத்திக்கொண்டே திரையைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். நான் கட்டிய முடிச்சு அவ்வளவு தாங்கும் என்று நான் நினைத்ததே இல்லை, தாங்கவில்லை. நாலு பேரும் கொட்டும் மழையில் நின்று இருமினோம்.

முதலில் மூச்சு வந்தது அம்மாளுக்குத்தான்.

"ஸ்பிரிட்ல மிளகாய போட்டது யாரு?"

"நான்தாங்கம்மா" என்றான் குழந்தைவேலு.

"எதுக்கு?"

"டின் தானா குறைஞ்சுது. பூட்டுப் போட்டேன், பூட்ட ஒடச்சாங்க. யாருன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒருத்தன் செத்துத் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு, மிளகாய கிள்ளி ஊறப் போட்டுட்டேன். அன்னியிலேருந்து ஒரு சொட்டு கொறையல. ஆனா எரிச்சா இப்படி ஆகும்னு ஒரு தடவ திரிய கொளுத்திப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது."

"அத முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, கேம்ப்ல குடிக்கிறாங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நீங்க அப்படியே படகு ஏறிடுவீங்களே."

எனக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது. "அடப்பாவி, அதான் இத்தனை நாளாக் குழம்புல காரமே இல்லையா? மெயின்லேண்ட் கப்பல் வரலன்னு சொன்னியேடா!"

"எல்லாம் டின்லதாண்ணே இருக்கு."

சொக்கலிங்கம் இருமலுக்கு நடுவே சிரிக்கப் போய், இரண்டும் சேர்ந்துகொண்டு முதுகை வளைத்துக் குனிந்துவிட்டார். அம்மாள் சிரிக்கவில்லை. முகத்தில் வழிந்த மழையை வழித்துவிட்டு, பையன் பக்கம் திரும்பினார்.

"எந் தம்பி வேலை பார்த்த கேம்ப்லயும் ஒரு ஸ்டோர்காரன் இருந்தான்" என்றார். "அவனுக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சு."

பிறகு சேலையை இழுத்துச் செருகினார். "சரி, பாதி வெந்த சோத்த என்ன பண்றது? அடுப்ப வெளிய கொண்டாங்க. அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ வைங்க. நாம காத்துக்கு இந்தப் பக்கமா நின்னுக்கலாம்."

அப்படியே செய்தோம். காற்று நெடியை மரங்களின் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. கிளையில் இருந்த கிளிகள் எங்களைத் திட்டிவிட்டு இடம் மாறின. ரசத்தைக் கிண்டுவதற்கு அம்மாள் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடி வந்தார். குழந்தைவேலு கரண்டியை வாங்கப் போனால், "ஹட்டோ, நீ போட்டது போதும்" என்று விரட்டினார்.

சோறு லேசாகக் குழைந்துதான் போயிருந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுக, எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம். கை கழுவும்போது அம்மாள் புருஷனிடம், "தை மாசம் நாள் பாருங்க" என்றார்.

"மாப்பிள்ளைகிட்ட நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றார் சொக்கலிங்கம், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"நீங்க முதல்ல இருமி முடிங்க" என்றார் அம்மாள். குழந்தைவேலு கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தான்.