திரிகையில் மூன்று குரல்

ஜூலை மழையில் தாதர் தண்டவாளங்கள் மூழ்கிய அன்று, மீரஜுக்குத் திரும்ப வேண்டிய அப்பா ரயில் இல்லாமல் மதுகரிடமே தங்கும்படி ஆயிற்று. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். டோலக் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே அழைத்துப் போனான்.

அப்பா தாமோதர் புவா நாடக மேடையில் பாடியவர். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் எட்டிய குரல். மகள் சரயூ பதினாலு வயதில் சினிமாவில் கோரஸ் பாடப் போனதிலிருந்து அவள் பாட்டை அவர் கேட்டதே இல்லை. பதினாறு வருஷத்தில் முந்நூறு பாட்டுக்கு மேல் பாடிவிட்டாள். பூனாவிலிருந்து நாக்பூர் வரை டீக்கடைகளில் அவள் குரல்தான். "மைக்கைக் கட்டிக்கிட்டு முனகுறதெல்லாம் ஒரு பாட்டா?" என்பார் புவா.

ஒலிப்பதிவாளர் பெஸ்டன்ஜியின் அறையில், கூடத்தைப் பார்க்கும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார் புவா.

அன்றைய பாட்டு, விடியற்காலையில் மூன்று பெண்கள் திரிகை சுற்றிக்கொண்டே பாடுவது: மாமியார், மருமகள், நாத்தனார்ச் சிறுமி. மருமகள் பாட்டுத்தான் சரயூவுக்கு. மற்ற இரண்டு பாடகிகளும் வெள்ளத்தில் எங்கோ மாட்டிக்கொண்டார்கள். கூடம் அன்று ஒரு நாள்தான் கிடைத்திருந்தது. இசையமைப்பாளர் ஜயவந்த் ராவ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மூணு பேரையும் நானே பாடிடறேன்" என்றாள் சரயூ.

"விளையாடறியா? மாமியார் வாய மூடறதுக்குள்ள மருமக எடுக்கணும். மூச்சு எங்க விடுவே?" என்றார் ஜயவந்த் ராவ்.

"அது என் கவலை. நீங்க தாளத்தை விட்டுடாதீங்க."

செருப்பைக் கழற்றினாள். முதல் முறை வளையல் சத்தம் கெடுத்தது, வளையல்களையும் கழற்றினாள். அடுத்த முறை புல்லாங்குழல்காரர் தவறவிட்டார். மூன்றாவது முறை ஆரம்பித்தார்கள்.

சிறுமிக்காக நுனிக்காலில் நின்று மைக்கை ஒட்டிப் பாடினாள். பால்பல் விழாத குழந்தை பாடுவதுபோலவே இருந்தது. ஓரடி பின்வாங்கி முகத்தைத் திருப்பியபோது புதுப்பெண்ணின் வெட்கம் வந்தது. இன்னும் ஓரடி தள்ளி, இடுப்பில் கை ஊன்றி மாமியாரை எடுத்தாள்.

மதுகருக்குப் புறங்கை சிலிர்த்தது. வரியின் கடைசியில் ஒரு கரகரப்பு. திரிகைப் பிடியை இழுக்கும்போது இடையில் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொள்ளும் மூச்சு. ஆயி, அவன் அம்மா, சாகும்போது அவனுக்குப் பத்து வயது. அவள் குரல் மறந்துபோயிற்று என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தான். கை தானாக வாசித்தது.

பாட்டு முடிந்தது. ஒலிபெருக்கியில் பெஸ்டன்ஜி மெதுவாகச் சொன்னார்: "சரியா வந்துடுச்சு. அந்த மூணு பொம்பளைங்களுக்கும் சாய் வாங்கிக் குடுங்கப்பா."

அறைக் கதவைத் திறந்துகொண்டு புவா வந்தார். நேராக மதுகரிடம் போனார்.

"அந்தப் பெரியவ எங்கடா?"

"யாரைக் கேக்கறீங்க?"

"மாமியாராப் பாடினாளே, அவ. எந்த ஊர்க்காரி?"

"அப்பா, பாடினது சரயூ ஒருத்திதான்."

புவா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வேறு பெண் யாரும் இல்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அது உங்க ஆயி குரல்டா. நாலு பேர் முன்னாடி பாடக் கூடாதுன்னு நான்தான் சொல்லிவச்சேன். அடுக்களைல திரிகை சுத்தும்போது மட்டும் பாடுவா." பிறகு மகளைப் பார்த்து, "உனக்கு அப்ப ஆறு வயசு. எப்படிம்மா?" என்றார்.

"அவ மடியில படுத்திருப்பேன். அவ பாடறது அவ வயித்துலேர்ந்தே கேக்கும், அப்பா."

புவா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி போடச் சொல்லு" என்றார். பெஸ்டன்ஜி போட்டார். புவா மறுபடியும் கேட்டார், அவரும் மறுபடி போட்டார். மேடையில் ராஜாவாக நின்ற மனிதர், கைகட்டி நின்று கேட்டார்.

படம் வந்த பிறகு, மற்ற இரண்டு பாடகிகள் யார் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. சரயூ இன்னும் இருபத்திரண்டு வருஷம் பாடினாள்.

ஒலிப்பதிவு முடிந்த அன்று அவள் ஒரு மூலையில், ஈரப் புடவையோடு, பசியில் வெங்காய பஜியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். "அண்ணா, உனக்கு வேண்டாமா? ஆறிடும்" என்றாள். பன்னிரண்டு வருஷமாக அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன் மதுகர். அவள் பக்கத்தில் போய் உட்கார அன்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது.