ஜெயராஜாவைப் பின்தொடர்ந்த டீசல்

களுதாவளைக்கு அப்பால், வாவிப் பக்கம் திரும்பும் சந்தியில் இருந்த பெற்றோல் செட்டை மூடிய பிறகு, அதன் நிலத்தடித் தாங்கியிலிருந்து கசிந்த டீசல், அங்கே வாகனங்களுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்த ஜெயராஜாவைத் தேடி மண்ணுக்கடியால் நடக்கத் தொடங்கியது. அதற்கு அவசரம் இருக்கவில்லை. அவர் மனைவி மார்கிறட்டின் ஊரான மாங்கேணியில் குடியேறி ஒரு மாரி கழிந்த பின்புதான் வந்து சேர்ந்தது. கிணற்று நீரில் மயில்கழுத்து நிறத்தில் படலம் மிதந்தது. முருங்கை இலை உதிர்த்தது. வீடு மாறினார்கள். அடுத்த மாரிக்கு அங்கேயும் வந்தது. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் சர்மிலாவின் கைகளில் தோல் உரிந்த அன்று ஜெயராஜா இரண்டு சாரங்களைப் பையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

“நான் போனா அது என்னோட வந்திரும்,” என்றார்.

பிள்ளையின் கைக்கு மருந்து பூசிக்கொண்டிருந்த மார்கிறட் நிமிர்ந்து பார்த்தாள், மறிக்கவில்லை. அவர் போய் ஒரு வருடத்தில் கிணறு தெளிந்தது. தெளிந்த நீரை முதன்முதலாக அள்ளிக் குடித்தபோது அவள் கிணற்றடியிலேயே இருந்து அழுதாள்.

ஜெயராஜா கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டைகளில் காவலுக்கு இருந்தார். ஓரிடத்தில் ஒரு போகத்துக்கு மேல் தங்கமாட்டார். பாயில் படுத்திருக்கும்போது தலைமாட்டில் டீசல் மணந்தால் எழுந்து, வயல்காரர் கேட்குமுன் அடுத்த வட்டைக்குப் போய்விடுவார். பெயர் சொல்லி அவரைக் கூப்பிட ஆளில்லாமல் வருடங்கள் போயின.

செட் இருந்த காணியில் ஒருவர் கடை கட்ட விரும்பியதால் மண்ணைச் சோதிக்கக் கஜானி என்ற பெண் மட்டக்களப்பிலிருந்து வந்தாள். தாங்கி துருப்பிடித்து ஓட்டையாகக் கிடந்தது. சுற்றியிருந்த மண்ணோ கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு மூலையிலிருந்து மட்டும் கயிறு போல ஒரு கறுப்புத் தடம் வெளியேறிப் போனது. அவள் துளையிட்டுத் துளையிட்டு அதன் பின்னால் போனாள். மாங்கேணியில் அது இரண்டு வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தது. கடைசியில் ஒரு வயல் குடிலுக்குக் கீழே குளம்போலத் தேங்கி நின்றது. ஜெயராஜா தூரத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்.

“தெரியும் புள்ள. நாளைக்கு வேற இடம் போறன்.”

“போகாதீங்க ஐயா. நீங்க போற இடமெல்லாம் மண் பழுதாகுது. தாங்கி கிடந்த இடத்துக்கே வாங்க. நீங்க அங்க இருந்தா அதுவும் அங்க நிக்கும். பம்ப் வச்சு உறிஞ்சி எடுக்கலாம்.”

“எடுத்து முடிக்க எவ்வளவு காலம் செல்லும்?”

கஜானி கையிலிருந்த மண்ணை உதிர்த்தாள். “உங்கட காலத்துக்குள்ள முடியாது ஐயா.”

அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் பாயைச் சுருட்டினார்.

செட்டில் முன்பு காசு வாங்கிய பழைய காசறையில் குடியேறினார். அடுத்த மாரியில் டீசல் வந்து சேர்ந்தது. பம்ப் ஓடத் தொடங்கியது. அவர் அவ்விடத்தை விட்டு மாறக்கூடாது என்று கஜானி அறிக்கையில் எழுதியதைப் பார்த்து அவளது அலுவலகத்தில் யாரும் வியக்கவில்லை. குடிநீருக்குப் பிரதேச சபையின் தண்ணீர் வண்டியான பவுசரை ஒழுங்கு செய்தார்கள். கடை கட்ட வந்தவர் வேறு காணி பார்த்தார். சர்மிலாவின் கல்யாணத்துக்குப் போன ஜெயராஜா கோயிலின் பின்வரிசையில் நின்றுவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

அடுத்த கிழமை மார்கிறட் ஒரு பெட்டியோடு வந்து காசறை வாசலில் நின்றாள்.

“இஞ்ச தண்ணி குடிக்க ஏலா,” என்றார்.

“பிளாஸ்டிக் கானில கொண்டு வந்திருக்கன்.”

“படுக்கக்குள்ள மணக்கும்.”

“உங்களக் கட்டின நாளில இருந்து மணந்ததுதானே. எனக்கு அது இல்லாமத்தான் இவ்வளவு காலமும் நித்திரை வரல்ல.”

அவர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். பவுசர்காரர் இப்போது அங்கே இரண்டு பேருக்குத் தண்ணீர் இறக்கிவிட்டுப் போகிறார்.