ஃபோல்டர் வரிசையில் முதல் மரியாதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமை ஆலோசகரைப் பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். கதாநாயகனைக் கூப்பிட்டேன், கோட்டும் சூட்டுமாக அவர்தான் முன்னால் வந்து நின்றார். ‘தொலைநோக்குப் பார்வையுடன் மருத்துவமனைக் கணினிகளைச் சீரமைத்த அவர்…’

(பேனா நகரவில்லை.)

2

மறுபடியும். குழந்தைகள் பிரிவு. மருந்து பம்புக்கு அளவு கணக்கிடும் நிரலை எழுதியவள் திரையைப் பார்க்கிறாள். பூஜ்யம்.

“என்னம்மா, பிள்ளைக்கு மருந்தே வேண்டாங்குது உன் ப்ரோக்ராம்?” என்றார் நர்ஸ் அக்கா. “நல்லவேளை, பார்த்தேன். எல்லாத்துக்கும் நானே கணக்குப் போட்டுட்டு இருந்தா, பிள்ளைங்களப் பார்க்கிறது யாரு?”

“நான் ஒரு எழுத்துகூட மாத்தலக்கா.”

“அப்போ அதுக்கே புத்தி கெட்டுப்போச்சா?”

ஆலோசகர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: “மதியம் மீட்டிங்ல அதைத் தூக்கிடலாம்.” நிரலோடு தன்னையும் சேர்த்துத்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

3

[கதைக்கு நடுவே பாடமா என்று முனகாதீர்கள்.] நிரல் எல்லா வேலையையும் தானே செய்யாது. புள்ளிக்குப் பின்னால் வரும் தசம எண்களைச் சீராக்க வெளியிலிருக்கும் துணைநிரலைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஃபோல்டர்களை வரிசையாகத் தேடி, அந்தப் பெயர் முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். நெரிசல் பேருந்தில் “அண்ணே” என்றதும் முதலில் திரும்புகிறவர் மடியில் பையை வைத்துவிடுகிறோமே, அப்படி.

4

நான் அசந்துபோன இடம் இது. அவள் பதறவில்லை, கணக்கைத் திரும்பப் போடவும் இல்லை. துணைநிரலை எங்கிருந்து எடுத்தாய் என்று நிரலையே கேட்டாள். அது முழு முகவரியையும் காட்டியது: ஆலோசகரின் ஃபோல்டர்! தலைமை ஆலோசகருடையது மூன்றாவதாக இருந்தால் மரியாதையில்லை என்று முந்தின நாள்தான் அதை முதலில் வைக்கச் சொல்லியிருந்தார். அதிலும் அதே பெயரில் ஒரு துணைநிரல். போர்வை எண்ண எழுதியது. முழு எண்தான் தெரியும். புள்ளி நான்கு மில்லியைப் பூஜ்யமாக்கிவிட்டது.

5

முடிவு ஒன்று: சரியான முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டு, வாயை மூடிக்கொண்டு…

(அடித்துவிட்டேன். ரத்த வங்கி நிரலும் இதே வரிசையில்தான் தேடுகிறது, அங்கேயும் தப்பு வரும்.)

முடிவு இரண்டு: முகவரியை எழுதினாள். “இப்போ சரியா வருது,” என்றார் நர்ஸ் அக்கா. பிறகே மீட்டிங்குக்குப் போய், எழுந்து நின்றாள்.

“சார், ப்ரோக்ராம் நல்லாத்தான் இருக்கு. உங்க ஃபோல்டர்தான் பின்னாடி போகணும்.”

“எவ்வளவு பின்னாடி?”

“கடைசிக்கு, சார்.”

ஆலோசகர் வாயைத் திறக்கிறார். அவர் பதிலை நான் எழுதினால் நக்கலாகத்தான் வரும். அவருக்கும் நல்ல புத்தி வரக்கூடும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.