நொண்டி நரியின் வயது

‘நொண்டி நரி’ பப்பின் நிலவறைக்குப் பதினாலு படி. முப்பத்தொரு வருஷமாக மியூரியல் ஏறி இறங்கியதில் படி தேய்ந்ததோ இல்லையோ, அவளுடைய மூட்டு தேய்ந்துவிட்டது. புருஷன் கிளிஃப் போய் ஒன்பது வருஷம். அங்கே பீர்ப் பீப்பாய் மாற்றுவதும் மேலே கணப்புச் சாம்பல் அள்ளுவதும் அவள் ஒருத்திதான். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

போன மாதம் ஒருவன் வந்தான். பப்பை இடித்துவிட்டு நாலு வீடு கட்டப்போகிறானாம். அவள் சரி என்றுவிட்டாள். கடற்கரை ஊரில் தங்கை ஓல்வென் பக்கத்தில் ஒரு சின்ன வீடு, படியே இல்லாத வீடு, பார்த்தும் வைத்தாயிற்று.

இது பொறுக்குமா நம் ஆட்களுக்கு? சர்ச்சில் மணியடிக்கும் வால்ட் தலைமையில், தினம் வந்து உட்காரும் ஐந்து பேர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டார்கள். இது நானூறு வருஷக் கட்டடம், பாதுகாக்க வேண்டும் என்று. பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் ஒரு செங்கல்லைக்கூட இடிக்க முடியாது. வாங்க வந்தவன் ஓடிவிடுவான்.

இன்று காலை அரசாங்கப் பரிசோதகி வந்தாள். சின்ன வயசு, கையில் டார்ச். ஏணி போட்டுப் பரணில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினாள். ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். வால்ட் அவளைக் கணப்புக்கு மேலே இருந்த உத்தரத்துக்கு இழுத்துப் போய், அதில் செதுக்கியிருந்த 1611-ஐக் காட்டினான். எந்த ராஜாவின் குதிரை வாசலில் தண்ணீர் குடித்தது என்பது வரைக்கும் கூசாமல் அளந்தான்.

பரிசோதகி இதை நம்பிவிடுவாளோ என்று மியூரியலுக்கு இருந்தது. இனி மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அதைச் செதுக்கினது என் வீட்டுக்காரர்” என்றாள். “எழுபத்திநாலுல, நாங்க இந்தப் பப்பை எடுத்த வருஷம். பஸ்ல வர்றவங்க இறங்கிப் பார்ப்பாங்கன்னு. விளக்குப் பிடிச்சது நான். பழசாத் தெரியக் கரியும் கொழுப்பும் தேய்ச்சதும் நான்தான்.”

வால்ட் தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும். உளியை இரவல் கொடுத்ததே அவன்தானே.

பரிசோதகி சிரித்துவிட்டாள். “பொய்னு பார்த்தவுடனே தெரிஞ்சுது. ஆனா உங்க வீட்டுக்காரர் கட்டடத்தோட வயசைக் குறைச்சுப் போட்டுட்டார். கூரை மரம் அதுக்கும் எழுபது வருஷம் முந்தினது. பட்டியல்ல ஏறிடும், கவலைப்படாதீங்க.”

கவலைப்படாதீங்களாம். கார் கிளம்பிப் போனது. ஐந்து பேரும் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் மியூரியலையே பார்த்தார்கள். ஓல்வெனிடம் என்ன சொல்வது என்றுதான் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண் கலங்கியது. துடைக்கக்கூட அலுப்பாக இருந்தது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?” என்றாள்.

பன்னிரண்டு மணி ஆனது, பப் திறக்கும் நேரம். வால்டின் கை, பழக்க தோஷம், காலிக் கோப்பையை ஊற்றிக் கொடுக்கும் மேடைமேல் நகர்த்தி வைத்தது.

மியூரியல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேடையைச் சுற்றிக் குடிக்க வருகிறவர்களின் பக்கம் வந்து, வால்டின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

“எனக்கு ஒண்ணு ஊத்து, வால்ட். பீப்பாய் நேத்தே காலி. புதுசு கீழ இருக்கு.”

அவன் மற்ற நாலு பேரையும் பார்த்தான். அவர்கள் உத்தரத்தைப் பார்த்தார்கள். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். ஏழாவது படியில் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு அவன் முனகியது மேலே எல்லோருக்கும் கேட்டது.